இரவுச் சாப்பாடும் வீட்டு ருசியும்: புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வெளிநாட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்றும், வேலை முடிந்து ஏழு மணிக்கு மேல் அறைக்குத் திரும்பியபின் சமைக்கக் கை எழவில்லை என்றும், ரொட்டியும் பொட்டல உணவுமாக வயிறு நிறைந்தாலும் சாப்பிட்ட நிறைவு இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். விடுமுறை நாளில் அம்மா செய்வதைப் போலவே செய்தும் அந்த ருசி வரவில்லையே, இத்தனை ஆண்டுகளாக நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். நான் வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகளில் நீங்கள் எழுதியது அத்தனையும் எனக்கும் நடந்தது.

அப்போது வாரம் முழுவதும் கிடைத்ததைத் தின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விருந்துச் சமையல் ஒன்றைக் கையில் எடுத்து, நான்கு மணி நேரம் நின்று, களைத்துப்போய், அதைப் பாதி சாப்பிட்டுப் பாதியைக் கொட்டுவேன். நான் ஏங்கியது விருந்துக்கு அல்ல என்பது வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது. வாரநாள் இரவில் யாரும் பெரிதாகப் பேசாமல் உண்டுவிட்டு எழுந்துபோகும் சாதாரணச் சாப்பாட்டுக்குத்தான் மனம் ஏங்கிக்கொண்டிருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை விருந்தை விட்டுவிடுங்கள். அரை மணி நேரத்தில் முடியக்கூடிய எளிய சாப்பாடு ஒன்றை, உதாரணமாகச் சோறும் வெந்த பருப்பும், அல்லது கஞ்சியும் ஒரு முட்டையும், தேர்ந்தெடுத்துக்கொண்டு, உங்கள் கைக்கும் அந்தப் புதிய அடுப்புக்கும் பழக்கம் ஏற்படும் வரை அதையே வாரத்தில் மூன்று முறை செய்யுங்கள்.

ருசி வராததற்கு உங்கள் கைப்பக்குவம் காரணம் என்று நினைக்காதீர்கள். அடுப்பு, தண்ணீர், அரிசி மூன்றும் இங்கே வேறு, செய்முறை மட்டும் பழையது. வாயு அடுப்பில் திருகைக் குறைத்தால் தீ உடனே குறையும். கண்ணாடித் தளமிட்ட மின்னடுப்போ குறைத்த பிறகும் சில நிமிடங்கள் சூட்டை வைத்திருக்கும். வெங்காயம் கருகுவது அந்தச் சில நிமிடங்களில்தான். அதனால் சூட்டைக் குறைப்பதோடு நிற்காமல் பாத்திரத்தையே ஒரு பக்கமாக நகர்த்தி வைக்கப் பழகுங்கள். இண்டக்‌ஷன் எனப்படும் தூண்டல் அடுப்பு என்றால் காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள பாத்திரம் மட்டுமே சூடேறும் என்பதால், ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியப் பாத்திரத்தை வைத்துவிட்டு அடுப்பு கெட்டுவிட்டது என்று கலங்க வேண்டாம். அரிசியிலும் இப்படித்தான். அமைலோஸ் என்னும் மாப்பொருள் மிகுந்த அரிசி உதிரியாக வேகும், அது குறைந்த அரிசி குழைந்து ஒட்டும். கிடைத்த அரிசியை வாங்கி, பழைய அளவில் தண்ணீர் வைத்து, சோறு களியாகிவிட்டதே என்று வருந்துவதைவிட, ஒரு கிண்ணம் அரிசிக்கு ஒன்றரைக் கிண்ணம் தண்ணீரில் தொடங்கி, பதம் சரியாகும் வரை ஒவ்வொரு முறையும் கால் கிண்ணம் கூட்டியோ குறைத்தோ பார்த்து, முடிவான அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பருப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் மிகவும் மனம் உடைந்தது அதில்தான். நான் வந்த புதிதில் ஒன்றரை மணி நேரம் கொதித்த பின்னும் பருப்பின் விளிம்பு மட்டும் கரைந்து, நடுவில் வெள்ளை மணியாக நின்றுவிடும். கரண்டியின் அடிப்பாகத்தால் நசுக்கினால் மசியாமல் இரண்டாக உடையும். கடைக்காரர் பழைய சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று எண்ணி மூன்று கடை மாற்றினேன். குற்றம் பாதி தண்ணீரிலும் பாதி என்னிடமும் இருந்தது. அந்தப் பகுதியின் குழாய்த் தண்ணீர் கடினநீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருளோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகின்றன. போதாததற்கு, நான் நேரத்தை மிச்சப்படுத்த எண்ணித் தக்காளியையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்டிருந்தேன். புளிப்பும் பருப்பு மென்மையாவதைத் தடுக்கும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே பருப்பைச் சிறிது உப்பிட்ட நீரில் ஊறப்போட்டு, மாலையில் அந்த நீரை வடித்துவிட்டு, வடிகட்டிய தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவுடன் வேகவைத்து, முழுதும் மசிந்த பிறகே புளிப்பைச் சேர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து இருபத்தைந்தே நிமிடத்தில் வெந்தது. மலைப்பாங்கான ஊரில் இருக்கிறீர்கள் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் கொதிநிலை குறைவதால், பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைப்பது அங்கே வீண் பாடு.

இன்னொரு எச்சரிக்கை. சிவப்புக் கிட்னி பீன்ஸ் விலை மலிவு என்று வாங்கி, குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் அப்படியே போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் லெக்டின் என்னும் நச்சுப் புரதம் நன்கு கொதித்தால்தான் அழியும். 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

வெங்காயத்துக்கு வருவோம். ஐந்து நிமிடத்தில் பொன்னிறமாகும் என்று செய்முறைகளில் எழுதியிருப்பார்கள், அது நடக்காது. வெங்காயத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான், அது வற்றும் வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. 1912இல் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கிய, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து நிறமும் மணமும் தரும் அந்த வினை வேகம் பிடிப்பது 140 டிகிரியை ஒட்டித்தான். முதலில் சளசளவென்று ஈரச் சத்தம் வரும், பிறகு சத்தம் மெல்லியதாகிப் பொரிவது போல மாறும், அப்போது மூக்கைத் துளைக்கும் காரம் போய் இனிப்பு மணம் எழும். கடிகாரத்தைப் பார்க்காமல் இந்த மாற்றத்துக்குக் காது கொடுங்கள். நேரமில்லாத உங்களைப் போன்றவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, விடுமுறை நாளில் ஒரு கிலோ வெங்காயத்தை முக்கால் மணி நேரம் நிதானமாக வதக்கி, சிறு சிறு பங்காக உறைபெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். வாரநாளில் ஒரு பங்கை எடுத்துச் சூடான எண்ணெயில் இட்டாலே பாதிச் சமையல் முடிந்துவிடும்.

சாப்பிட்ட நிறைவு இல்லை என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மணம். மற்றப் புலன்களைப் போலன்றி மணத்தின் செய்தி, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய மூளைப் பகுதிகளுக்கு மிகக் குறுகிய வழியில் போய்ச் சேர்கிறது. பொட்டலத்தைப் பிரித்துச் சூடாக்கும் இரண்டு நிமிடத்தில் அது நடக்க வாய்ப்பே இல்லை. சமையலின் அரை மணி நேரம் சாப்பாட்டைச் சேர்ந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அடுப்பருகே நெடுநேரம் நிற்பவரின் மூக்கு அந்த மணத்துக்குப் பழகி மழுங்கிவிடும். சமைத்தவருக்குச் சாப்பாடு இறங்காது என்று வீடுகளில் சொல்வது இதனால்தான். சமைத்து முடித்ததும் மூடிவைத்துவிட்டு, வெளியே ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வந்து கதவைத் திறந்து பாருங்கள். வேறு யாரோ உங்களுக்காகச் சமைத்து வைத்தது போல இருக்கும். தனியாக இருப்பவருக்கு அது சிறிய ஆறுதல் அல்ல.

வதக்கும்போது புகை அபாயமணி அலறினால் அதன் மின்கலத்தைக் கழற்றிவிடாதீர்கள்; புகைபோக்கியை முன்கூட்டியே ஓடவிட்டு, சன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

மீந்த சோற்றைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்வேன். அசதியில் சோற்றுப் பானையை அடுப்பிலேயே விட்டுத் தூங்கிவிட்டு, மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டுப் பகல் முழுவதும் வாந்தி எடுத்தவன் நான். பேசிலஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை பெருகி உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது, குளிர்பெட்டி 5 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தட்டையான பாத்திரத்தில் பரப்பி விரைவாக ஆறவைத்து உள்ளே வையுங்கள். பருப்பு உறைபெட்டியில் நன்றாக நிற்கும். உருளைக்கிழங்கு போட்ட குழம்பு நிற்காது, கிழங்கு மணல் மணலாகிவிடும்.

கடைசியாக, அம்மாவிடம் எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று கேட்டால் கண்ணளவுதான், கை போகிற போக்குதான் என்றுதான் பதில் வரும். அவர்களுக்கு அளவு தெரியாது, பதம்தான் தெரியும். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது சிறிய எடைக்கருவி ஒன்றை எடுத்துச் சென்று, அவர்கள் கையில் அள்ளிய உப்பையும் அரிசியையும் பாத்திரத்தில் விழும் முன்பு நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். என் அம்மாவின் ஒரு பிடி 38 கிராம். என் பிடி 60. அதுவரை நான் செய்தது இதுதான்: சமைக்கும்போது அலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்து அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அம்மாவோடு பேசிக்கொண்டே வதக்குவேன். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் பேச்சை நடுவிலேயே நிறுத்தி, "சத்தம் மாறிடுச்சு பாரு, தீயைக் குறை" என்றார். எட்டிப் பார்த்தேன், வெங்காயத்தின் ஓரம் அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தது.