விட்ரா டிசைன் மியூசியம்: போகிறவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்தில் எட்டு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் எல்லை தாண்டி, ஜெர்மனிப் பக்கம் வைல் ஆம் ரைன் ஊரில், விட்ரா என்ற நாற்காலி நிறுவனத்தின் வளாகத்தில் இருக்கும் விட்ரா டிசைன் மியூசியத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன். வழிகாட்டியோடு சுற்றும் கட்டட டூர் மட்டுமே ஏழெட்டு முறை ஆகிவிட்டது. அதனால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, பாசலில் இரண்டே நாள்தான். நாற்காலி பார்க்க ஒரு நாளைச் செலவழிக்கணுமா?

நாற்காலிக்காக மட்டும் என்றால் வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது அந்த வளாகம். 1981-ல் மின்னல் விழுந்து விட்ரா நாற்காலித் தொழிற்சாலையின் பெரும்பகுதி எரிந்துபோனது. கட்டடக் கலைஞர் நிக்கோலஸ் கிரிம்ஷா அவசரமாக ஒரு புதுத் தொழிற்சாலை கட்டிக்கொடுத்தார். அப்புறம் முதலாளி ரோல்ஃப் ஃபெல்பாம் எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் ஒப்படைக்காமல், ஒவ்வொரு கட்டடத்துக்கும் வேறு வேறு கலைஞரைக் கூப்பிட ஆரம்பித்தார். 1989-ல் திறந்த மியூசியக் கட்டடம் ஃபிராங்க் கெரி ஐரோப்பாவில் கட்டிய முதல் கட்டடம். தொழிற்சாலைக்கென்றே 1993-ல் வந்த தீயணைப்பு நிலையம் ஸாஹா ஹடீடுக்கு வாழ்க்கையிலேயே கட்டி முடிந்த முதல் கட்டடம். அதே வருடம் தடாவோ ஆண்டோ கட்டிய மாநாட்டு மண்டபம் ஜப்பானுக்கு வெளியே அவருக்கு முதல் நிரந்தரக் கட்டடம். இவர்கள் எல்லாம் பெரிய பெயர் ஆவதற்கு முன்பே, அல்லது ஆகிக்கொண்டிருந்தபோதே, கூப்பிட்டிருக்கிறார் அந்த மனிதர். அரை நாள் போதும், ஆனால் அந்த அரை நாளை விட்டுவிடாதீர்கள்.

மியூசிய டிக்கெட் வாங்கினால் போதாதா? டூருக்குத் தனியாக ஏன் காசு கொடுக்கணும்?

எல்லாரும் கேட்கிற கேள்வி இது. முதல் தடவை நானும் கஞ்சத்தனமாக டூர் எடுக்காமல் சுற்றிவிட்டு, என்னவோ நாலு கட்டடம் பார்த்தோம் என்று திரும்பிவந்தவள்தான். வளாகத்தில் பாதி இன்னும் ஓடுகிற தொழிற்சாலை, லாரி போய்வருகிற இடம், நம் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. தீயணைப்பு நிலையத்துக்கும் ஆண்டோ மண்டபத்துக்கும் உள்ளே போக டூர்தான் வழி. அந்த உட்புறம்தான் விஷயமே. ஹடீட் கட்டடத்தில் சுவர்கள் எல்லாம் சாய்ந்தபடி கூர்மையாக ஓடும், நேர்கோணத்தைத் தேட வேண்டும். என் அம்மாவுக்கு லேசாகத் தலையே சுற்றியது. வண்டியில் ஏறிய மாதிரி இருக்குடி என்றார். கொஞ்ச வருடத்திலேயே ஊர் தீயணைப்புப் படை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டதால் இப்போது அது நிகழ்ச்சிகளும் கண்காட்சிகளும் நடக்கும் இடம்.

அங்கிருந்து ஆண்டோ மண்டபத்துக்குப் போனால் நேர் எதிர், பேச்சே அடங்கிவிடும். ஒரு ஆள் மட்டும் நடக்கிற அகலத்தில் சுவரோரமாக ஒரு பாதை, குழு தானாகவே வரிசையாகிவிடும். செர்ரித் தோப்பில் கட்டியபோது மூன்றே மரம்தான் வெட்டினார்கள் என்று வழிகாட்டி சொல்வார், அதன் நினைவாகக் கான்கிரீட்டில் பதிந்திருக்கும் இலைத் தடத்தையும் காட்டுவார். காட்டாவிட்டால் நீங்கள் அதைப் பார்க்கவே மாட்டீர்கள்.

டூர் ஆங்கிலத்தில் இருக்குமா?

இருக்கும், ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் தனித்தனி நேரம். சுமார் இரண்டு மணி நேரம். கோடையில் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்பதிவு செய்துவிடுங்கள்.

(சூரிச்சிலிருந்து) எங்களுக்கு ரெண்டு பிள்ளைகள், ஏழு வயதும் பத்து வயதும். அவைக்கு அங்க என்ன இருக்கு?

அண்ணா, பிள்ளைகளைக் கட்டட டூருக்குக் கூட்டிப்போகாதீர்கள், அரை மணி நேரத்தில் கையை இழுப்பார்கள். கார்ஸ்டன் ஹோலர் என்ற கலைஞர் 2014-ல் நிறுத்திய ஒரு கோபுரம் இருக்கிறது, 30.7 மீட்டர் உயரம். 17 மீட்டரில் நின்று ஊரைப் பார்த்துவிட்டு 38 மீட்டர் நீளச் சறுக்குமரத்தில் சுழன்று கீழே வரலாம். நானும் போனேன், கத்தினேன், வெட்கமில்லை. ஈரமான நாளில் மூடிவிடுவார்கள். மற்றபடி பிள்ளைகள் கையால் எதையாவது செய்துபார்க்கிற பட்டறைகளை மியூசியமே நடத்துகிறது. எந்த நாள் என்பதை அவர்கள் நிகழ்ச்சிப் பட்டியலில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சென்னையில் ஆர்க்கிடெக்சர் படிக்கிறேன். நம் நாட்டுச் சம்பந்தம் ஏதாவது உண்டா?

உண்டு தம்பி, நல்லாவே உண்டு. நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் பால்கிருஷ்ண தோஷிக்கு இந்தியாவுக்கு வெளியே இருக்கும் ஒரே கட்டடம் அங்கேதான். குஜராத்தில் மொதேரா சூரியன் கோயிலைப் பார்த்துவிட்டு வந்த ஃபெல்பாம், அப்படி மனசு அடங்குகிற ஒரு இடம் வேண்டும் என்று அவரிடம் கேட்டாராம். 2023 ஜனவரியில் தோஷி இறந்தபிறகு பேத்தியும் பேத்தியின் கணவரும் முடித்துக்கொடுத்தார்கள், 2025-ல் திறந்தார்கள். வளைந்து வளைந்து தரைக்குக் கீழே இறங்கும் பாதை, கூடவே வரும் ஓசை. படம் எடுக்கிற அவசரத்தில் ஓடிவிடாதே.

இன்னொன்று: அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி விட்டுப்போன பொருள்களில் பெரும்பகுதி இந்த மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1958-ல் இந்திய அரசுக்கு அவர்கள் எழுதிக்கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்துதான் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அதில் நம்மூர்ச் சொம்பைப் பற்றி உருகி உருகி எழுதியிருப்பார்கள். படித்துவிட்டுப் போ.

டிக்கெட்டே வாங்காமல் ஏதாவது பார்க்கலாமா?

விட்ராஹவுஸ் இலவசம். பன்னிரண்டு வீடுகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிவைத்த மாதிரி இருக்கும், கட்டடக் கலைஞர்கள் ஹெர்சோக், ட மோரோன் இருவரும் 2010-ல் கட்டியது. உண்மையில் அது கடைதான், ஆனால் மியூசியத்தில் தொடக்கூடாத நாற்காலிகளின் புதுப் பிரதிகளில் இங்கே ஆசைதீர உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தால் நீங்களே எழுந்துவிடுவீர்கள்.

எப்படிப் போவது? விசாச் சிக்கல் வருமா?

பாசலிலிருந்து 55-ஆம் எண் பஸ், விட்ரா என்றே நிறுத்தம். இரண்டு நாடும் ஷெங்கன், ஒரே விசா போதும். பாஸ்போர்ட்டை மட்டும் அறையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி. இரண்டு மணி நேர டூர் தாங்குவாரா?

சிரமம்தான், நின்றுகொண்டே கேட்கிற நேரம் அதிகம். நீங்கள் டூர் போங்கள், அம்மாவை விட்ராஹவுஸ் காபிக் கடையில் உட்காரவைத்துவிட்டு அப்புறம் பக்கத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். தோட்டக் கலைஞர் பியட் ஊடால்ஃப் 2020-ல் போட்ட தோட்டம், முப்பதாயிரம் செடி. ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தால் ஆள் உயரத்துக்குப் பூத்து நிற்கும். என் அம்மா கெரியையும் ஹடீடையும் மறந்துவிட்டார், ஊரில் போய்ச் சொன்னது அந்தத் தோட்டத்தைப் பற்றி மட்டும்தான்.