மருமகனுக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?

கேள்வி: என் அக்கா மகனுக்கு அடுத்த மாதம் நாலு வயது முடிகிறது. நான் வேலை பார்ப்பது வேறு ஊரில். எப்போதாவதுதான் அவனைப் பார்க்க முடிகிறது. போன பிறந்தநாளுக்கு, விளக்கு எரிந்து பாட்டுப் பாடி ஓடும் ரிமோட் கார் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ரெண்டே நாளில் பரணுக்குப் போய்விட்டது. ‘வீட்டில் ஏற்கெனவே ஒரு கூடை நிறைய கார் கிடக்கு, இனிமே எதுவும் வாங்கிட்டு வராதே’ என்கிறாள் அக்கா. பையனோ போனில், ‘மாமா, எனக்குச் சமையல் செட் வேணும்’ என்கிறான். ‘ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்குச் சொப்பு?’ என்று வீட்டுப் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். தவழ்கிற வயதில் அவனுக்கு ஒரு தங்கை வேறு இருக்கிறாள். குழந்தைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மூளை வளர்ச்சிக்கு உதவுகிற மாதிரி, வயதுக்கு ஏற்ற மாதிரி என்ன வாங்கலாம்?
– ஒரு தாய்மாமன்

பதில்: சமையல் செட்டே வாங்கிக் கொடுங்கள் தம்பி. எனக்கு இதுதான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிற நாலு வயதுப் பிள்ளை கிடைப்பதே அபூர்வம். கடைக்குக் கூட்டிப் போனால் கண்ணில் பட்டதையெல்லாம் கேட்பார்கள். இவன் போனில், எதிரே எதுவும் இல்லாதபோது, நினைவு வைத்துக் கேட்டிருக்கிறான். அதற்கு மேல் என்ன வேண்டும்?

‘ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு’ என்பதை முதலில் முடித்துவிடுவோம். மூன்றிலிருந்து ஐந்து வயது வரை குழந்தைகள் விரும்பி விளையாடுவது, ‘நான்தான் டாக்டர், நீதான் நோயாளி’ மாதிரியான விளையாட்டுகளை. வீட்டில் பார்ப்பதையெல்லாம் தாங்களும் செய்து பார்ப்பார்கள். தினம் கண்ணில் படுவது அடுப்படி. கிட்டே வராதே என்று நாம் விரட்டுகிற இடமும் அதுதான். ஆசை வராமல் இருக்குமா? ஒரு சட்டியும் மூடியும் கரண்டியும் கையில் கிடைத்த பையனைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். நாலைந்து கட்டைகளைச் சட்டியில் போடுவான். கிளறுவான். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, ‘இன்னும் வேகல’ என்பான். தங்கை கையை நீட்டினால், ‘தொடாதே, சூடு’ என்று அப்படியே அம்மா குரலில் அதட்டுவான். இல்லாத சூட்டை இருப்பதாக வைத்துக்கொள்கிறான், எது முதலில் எது அப்புறம் என்று வரிசைப்படுத்துகிறான், இன்னொருவர் இடத்தில் நின்று பேசுகிறான். நீங்கள் கேட்கிற மூளை வளர்ச்சியில் பெரும்பங்கு இதற்குள்ளேயே நடந்துவிடுகிறது.

2020-ல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 4 முதல் 8 வயது வரையிலான 33 குழந்தைகளைப் பொம்மை வைத்து விளையாடவிட்டு, மூளை எப்படி இயங்குகிறது என்று பார்த்தார்கள். தனியாக உட்கார்ந்து விளையாடும்போதுகூட, பிறர் மனதைப் புரிந்துகொள்ள உதவும் பகுதி சுறுசுறுப்பாக இயங்கியது. பையன், பெண் என்று அதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பொம்மைக் கம்பெனி, குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைவு. அதனால் நான் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளோடு பழகுகிறவர்களுக்கு இது புதுச் செய்தியும் இல்லை. சொப்புக் கூடையை நடுவில் வைத்தால் பையன்களும் வந்து உட்காருவார்கள். யாராவது சிரித்தால்தான் எழுந்து போவார்கள். பெரியவர்களோடு நீங்கள் வாதாட வேண்டாம். பையனை விட்டே ஒரு கிண்ணத்தை அவர்களிடம் நீட்டச் சொல்லுங்கள். ‘உப்பு கம்மியா இருக்கே’ என்று அவர்களே ஆட்டத்துக்குள் வந்துவிடுவார்கள்.

செட்டைப் பார்த்து வாங்குங்கள். ‘60 பொருட்கள்’ என்று போட்டிருந்தால் அதில் பெரும்பாலானவை மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளாகத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பிடிமானமுள்ள சட்டி, சரியாகப் பொருந்துகிற மூடி, கைக்கு அடங்குகிற கரண்டி, ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர் போதும். இரண்டு ஏன் என்றால், ஒன்று அவனுக்கு, இன்னொன்று எதிரில் உட்காருகிறவருக்கு. சத்தம் போடும் மின்சார அடுப்பெல்லாம் தேவையில்லை. செட் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து நாலு வட்டம் வரைந்தால் அடுப்பு ரெடி. அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் விளையாட்டுப் பொருட்களுக்கென்றே ஒரு தேசிய அரங்கம் இருக்கிறது. புகழ்பெற்ற விளையாட்டுச் சாமான்களை வருஷாவருஷம் தேர்ந்தெடுத்து அதில் சேர்ப்பார்கள். 2005-ல் அட்டைப்பெட்டியையே சேர்த்தார்கள்.

இனி அந்த ரிமோட் கார். அது ஏன் பரணுக்குப் போனது தெரியுமா? ரிமோட்டை இடது பக்கம் அழுத்தினால், நமக்கு முதுகு காட்டி ஓடும் கார் இடதுபக்கம்தான் திரும்பும். அதே கார் நம்மைப் பார்த்து வரும்போது எல்லாம் தலைகீழாகிவிடும். பெரியவர்களுக்கே ஒரு நிமிடம் குழப்பும். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கார் சுவரில் போய் முட்டும், அவ்வளவுதான். அப்புறம் யாராவது பெரியவர், ‘இங்கே கொடு, நான் காட்டுறேன்’ என்று வாங்கிக்கொள்வார், பையன் வேடிக்கை பார்ப்பான். விளக்கும் பாட்டும் முதல் நாள் பிரமிப்பு. ரெண்டாம் நாளும் அதே பாட்டுத்தான். எல்லாவற்றையும் காரே செய்துவிட்டால் அவனுக்குச் செய்வதற்கு என்ன மிச்சம்? எனவே கடையில் எதைக் கையில் எடுத்தாலும், இதில் பையன் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். பட்டனை அழுத்துவதோடு வேலை முடிந்துவிட்டால் திரும்ப வைத்துவிடுங்கள்.

அந்தக் கூடை நிறைய கார் இருக்கிறதே, அதை வீண் என்று நினைக்க வேண்டாம். கார் இருக்கிறது, ஓட்ட ரோடு இல்லை. தரையில் ஒட்டி உரிக்கக்கூடிய காகித டேப்பை வளைத்து வளைத்து ஒட்டிக் கொடுத்தாலே ஒரு நகரம் உருவாகிவிடும். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய மனமிருந்தால் மரக்கட்டைகள் வாங்கிக் கொடுங்கள். பாலம், சரிவு, ஷெட் எல்லாம் அவனே கட்டிக்கொள்வான். என்னைக் கேட்டால், இந்த வயதுக்கு மரக்கட்டையை மிஞ்சிய பரிசு கிடையாது. ஜெர்மனியில் 1837-ல் ஃபிரெடரிக் ஃப்ரோபெல் தொடங்கிய பள்ளிதான் பிற்பாடு கிண்டர்கார்டன் என்று பெயர் பெற்றது. கம்பளி நூல் பந்து, மர உருண்டை, கனசதுரம், உருளை, அப்புறம் எட்டுத் துண்டுகளாகப் பிரிகிற ஒரு கனசதுரம் என்று வரிசையாகக் கொடுத்துத்தான் அவர் பிள்ளைகளை விளையாடவிட்டார். நியூயார்க்கைச் சேர்ந்த கரோலின் பிராட் 1913 வாக்கில் இன்னொன்று செய்தார். ஒரு கட்டையை அளவாக வைத்துக்கொண்டு, அதில் பாதி, அதைப்போல் இரண்டு மடங்கு, நாலு மடங்கு என்று மற்றவற்றைச் செதுக்கினார். அப்படி அளவு பிசகாமல் செய்த கட்டைகளில், பாலத்துக்கு நீளக்கட்டை தீர்ந்துபோனால் ரெண்டு குட்டைக் கட்டைகளை ஒட்டி வைத்துப் பார்ப்பான் பையன். சரியாகப் பொருந்தும். பின்னத்தை யாரும் சொல்லித்தராமலே கையால் தெரிந்துகொள்கிறான்.

கட்டை வாங்கினால் ஐம்பதுக்குக் குறையாமல் வாங்குங்கள். இருபது துண்டு வாங்கினால் பாதிக் கோபுரத்தில் தீர்ந்துபோய் அழுவான். மழமழவென்று தேய்த்திருக்கிறதா, எல்லாம் ஒரே தடிமன்தானா என்று ரெண்டு மூன்றைத் தடவிப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் அச்சடித்த வண்ணக்கட்டைகள் பெற்றோருக்குப் பிடிக்கும். கட்டுகிறவனுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. லெகோ மாதிரி மாட்டிக் கட்டுவதுதான் வேண்டுமென்றால் இப்போதைக்கு லெகோ கம்பெனியே சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்கிற டூப்ளோ கட்டைகள் போதும். சாதாரண லெகோவைவிட நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இருமடங்கு. அதன்மேல் சின்ன லெகோவையும் மாட்ட முடியும் என்பதால் பிற்பாடும் உதவும். சின்ன லெகோவை, தங்கை கொஞ்சம் வளரும் வரை தள்ளிப்போடுங்கள்.

அந்தத் தங்கையை மனதில் வைத்துத்தான் எதையும் வாங்க வேண்டும். அண்ணன் கீழே போடுவதெல்லாம் அவள் வாய்க்குப் போகும். பெட்டியில் ஒரு குழந்தை முகம், ‘0-3’ என்று எழுதி, குறுக்கே கோடு போட்ட அடையாளத்தைப் பார்த்திருப்பீர்கள். பல பேர் அதைப் புத்திசாலித்தனத்துக்கு வைத்த அளவு என்று நினைத்து, ‘எங்க பிள்ளை கெட்டிக்காரன், பரவாயில்லை’ என்று வாங்கிவிடுகிறார்கள். அது தொண்டையில் அடைக்கும் ஆபத்தைச் சொல்கிற எச்சரிக்கை. அமெரிக்காவில் இதைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுசாக அடங்கிவிடும் பாகம் இருந்தால் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்று விற்கக் கூடாது. வீட்டில் சோதிக்க டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய் போதும். அதற்குள் நுழைகிற எதையும் தங்கை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இன்னும் மோசமானவை ரெண்டு. ஒன்று, பட்டன் பேட்டரி. விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகத் தொடங்கிவிடும். பேட்டரி போடும் எதை வாங்கினாலும் திருப்பிப் பாருங்கள். மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். நகத்தால் திறக்க முடிந்தால் வேண்டாம். இன்னொன்று, மிளகு அளவு சின்ன, சக்தி மிகுந்த காந்தங்கள். ரெண்டை விழுங்கினால் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுத்து, நடுவிலுள்ள சதையை ஓட்டை போட்டுவிடும். இதில் எதையாவது குழந்தை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பிறந்தநாள் என்பதால் பலூனும் இருக்கும். உடைந்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடச் சொல்லுங்கள்.

‘மூளை வளர்ச்சி’ என்று பெட்டியில் போட்டு விற்பவற்றுக்குக் கூடுதலாகச் செலவழிக்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018 இறுதியில் இதைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. எளிமையான சாமான்கள் போதும், விலை அதிகமாக இருக்க வேண்டியதில்லை, கூட உட்கார்ந்து விளையாடும் பெரியவர்தான் முக்கியம் என்பது அதன் சாரம். டேப்லெட் வாங்கிக் கொடுக்கும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். 3, 4 வயதுக்காரர்கள் ஒரு நாளைக்குத் திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஓடியாடுவது மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தந்த வழிகாட்டி. ஒரு நல்ல பந்து அந்தக் கணக்கில் அதிகம் உதவும். பெரிய பரிசாகக் கொடுக்க ஆசையென்றால் பெடல் இல்லாத, காலால் உந்தி ஓட்டும் சைக்கிளைப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்தால் ரெண்டு பாதமும் தரையில் முழுசாகப் பட வேண்டும். வளருவான் என்று பெரிய அளவு வாங்கினால் நம்பி உட்கார மாட்டான். ஹெல்மெட்டும் சேர்த்து வாங்குங்கள்.

படத்துண்டுப் புதிர் என்றால் 24 துண்டுக்குள். படப்புத்தகம் எத்தனை இருந்தாலும் தகும்.

அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை ஒருமுறை 4 விளையாட்டுச் சாமானோடும் இன்னொருமுறை 16 சாமானோடும் விட்டுப் பார்த்தார்கள். நாலு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள். அவர்கள் உங்கள் மருமகனைவிடச் சின்னவர்கள், ஒன்றரையிலிருந்து இரண்டரை வயது. என்றாலும் எந்த வீட்டிலும் இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம். பாதிச் சாமானை எடுத்து வைத்துவிட்டு, சில வாரம் கழித்து மாற்றிப் போட்டால் பழையதே புதுசாகிவிடும். அக்காவிடம் முன்கூட்டியே பேசி ஒரே ஒரு பரிசோடு போங்கள். கூட எதையாவது கொண்டுபோக மனசு அடித்துக்கொண்டால் தீர்ந்துபோகிற சாமானாக எடுங்கள்: தடித்த கிரேயான், வரைதாள், பிசைகிற மாவுக் களிமண். அந்தக் களிமண்ணில் பிரபலமான ப்ளே-டோ, முதலில் சுவர்க் காகிதத்தின் கரியைத் துடைப்பதற்காக விற்ற மாவு. பிள்ளைகள் பிசைந்து விளையாடுவதைப் பார்த்துத்தான் 1956-ல் விளையாட்டுச் சாமானாக்கினார்கள்.

கொடுப்பதற்கு முந்தின நாளே பெட்டியைத் திறந்து, உள்ளே முறுக்கியிருக்கும் கம்பிகளையும் பிளாஸ்டிக் கட்டுகளையும் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி மூடி வையுங்கள். ஆசையோடு பிரித்தவனை, ‘இரு, கத்திரிக்கோல் எங்கே’ என்று காக்க வைத்தால் பாதி சந்தோஷம் போய்விடும். விழாக் கூட்டத்தில் அவன் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஓடினால் மனசு சங்கடப்படாதீர்கள். மறுநாள் காலை அரைமணி நேரம் தரையில் உட்காருங்கள். என்ன சமைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லித்தர வேண்டாம், அவன் பரிமாறுவதைச் சாப்பிடுங்கள், போதும். ஊர் திரும்பிய பிறகு போன் செய்யும்போது, ‘சாப்டியா, ஸ்கூலுக்குப் போனியா’ என்று கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் வரும். ‘இன்னிக்கு உன் கடையில என்ன இருக்கு? எனக்கு ஒரு தட்டு அனுப்பு’ என்று ஆரம்பித்துப் பாருங்கள், போனை வைக்க விட மாட்டான்.

பில்லை மட்டும் அக்காவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அதே செட்டை இன்னொரு மாமாவும் வாங்கிவந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.