மஞ்சளும் சிவப்பும்: ஒரு கடிதம்

ஐயா, வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். ஐபிஎல் கிரிக்கெட்டில் மஞ்சள் சட்டை சிஎஸ்கேயும் (சென்னை) சிவப்புச் சட்டை ஆர்சிபியும் (பெங்களூரு) மோதிய மறுநாள் வகுப்பே இரண்டாகிவிடுகிறது. தோற்ற அணிப் பிள்ளையை அழவைக்காமல் விடுவதில்லை. போன முறை கைகலப்பு. இப்போது பிள்ளைகளே சில்வர் பீச்சில் பதாகை பிடித்துப் பிரசாரம் செய்யலாமா என்கிறார்கள். எப்படிச் செய்தால் உருப்படும்?
- ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

தாராளமாகச் செய்யுங்கள். ‘பகை வேண்டாம், ஒற்றுமை வேண்டும்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். மல்லுக்கட்டு இல்லாத சிஎஸ்கே - ஆர்சிபி ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்? கலாய்ப்பதும் அந்த ருசியில் சேர்த்திதான். ஆட்டத்தைக் கலாய்க்கலாம், ஆளை அல்ல. ‘லட்டு மாதிரி வந்த கேட்ச்சை விட்டாரே’ சரி. ஊர், மொழி, நிறம், வீட்டுப் பெண்கள் என்று போனால் அவுட். இந்தக் கோட்டைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும்.

ஐபிஎல் மார்ச் கடைசியில் தொடங்கும், பின்னாலேயே முழு ஆண்டுத் தேர்வு வந்துவிடும். அதனால் பிப்ரவரியிலேயே வேலையை ஆரம்பியுங்கள்.

கடற்கரைக்குப் போகும் முன் அஞ்சலட்டை. ஒவ்வொரு பிள்ளையும் எதிரணி வீரர் ஒருவருக்கு எழுத வேண்டும். ‘நன்றாக ஆடுகிறீர்கள்’ செல்லாது. எந்த ஆட்டம், எந்த ஓவர், என்ன செய்தார் என்று இருக்க வேண்டும். அதற்காகவாவது எதிரணியை ஒழுங்காகப் பார்ப்பார்கள். அட்டை 50 காசு, 40 பேருக்கு 20 ரூபாய். அனுப்புநர் இடத்தில் பள்ளி முகவரி மட்டும் போதும், வீட்டு விலாசமோ போன் எண்ணோ வேண்டாம். பதில் வராமல் போகலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்து மதிப்பெண். ஐபிஎல்லில் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் நன்னடத்தைக்காக 10-க்கு மதிப்பெண் போடுவார்கள்: ஆட்டத்தின் பண்புக்கு 4, எதிரணி, விதிகள், நடுவர்கள் ஆகியோரை மதிப்பதற்குத் தலா 2. சிஎஸ்கே அந்த விருதைப் பலமுறை வாங்கியிருக்கிறது, மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். இதே கணக்கை வகுப்பு ரசிகர்களுக்கும் போடலாம். அவரவர் கூட்டத்துக்கு அவரவரே போட்டால் எல்லோரும் 10 வாங்குவார்கள். எதிர்க்கூட்டம் போட்டாலோ பழிவாங்கும் பூஜ்ஜியம் விழும். எதிர்க்கூட்டமே போடட்டும், குறைக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் காரணம் எழுதித்தர வேண்டும் என்று வையுங்கள். காரணம் எழுதச் சோம்பல்பட்டே பாதி பூஜ்ஜியம் காணாமல் போகும்.

இனி பதாகை. பிளெக்ஸ் வேண்டாம், அடித்தால் பள்ளிப் பெயரும் பெரிய மனிதர்கள் படமும் முக்கால் இடத்தைத் தின்றுவிடும். 30 அடி தள்ளி நிற்பவர் படிக்க எழுத்து 3 அங்குல உயரமாவது இருக்க வேண்டும். ஒரு சார்ட்டில் நாலு சொல்லுக்கு மேல் ஏறாது. வெள்ளையில் கறுப்பு எழுத்தே போதும். மஞ்சள் எழுத்து வெயிலில் தெரியாது. சிவப்பும் மஞ்சளும் சேர்த்தால் எந்தக் கட்சி என்று கேட்பார்கள்! கடல்காற்றில் சார்ட் சுருண்டுகொள்ளும், பின்னால் கெட்டி அட்டை ஒட்டி இரு பக்கமும் மூங்கில் குச்சி கட்டுங்கள். காவல் நிலையத்துக்கும் மாநகராட்சிக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள்.

வாசகம் கேட்டால் ஒன்று தருகிறேன். 1999 ஜனவரியில் சேப்பாக்கம் டெஸ்ட்டில் பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது. டெண்டுல்கர் 136 அடித்தும் தோல்வி. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ‘12 ரன்னில் தோற்றோம், எழுந்து கைதட்டினோம்.’ நாலு சொல்லைத் தாண்டுகிறது, இரண்டு அட்டையாகப் பிரித்து மஞ்சள் சட்டை ஒன்றிடமும் சிவப்புச் சட்டை ஒன்றிடமும் கொடுங்கள்.