எதிர்ப்புச் சக்தி டானிக்கும் பிற கேள்விகளும்

கேள்வி (பீனிக்ஸ், தென்னாப்பிரிக்கா): இரத்தப் பரிசோதனையில் ஏ.என்.ஏ. 1:80 என வந்துள்ளது. எனக்கு லூபஸா?

பதில்: ஏ.என்.ஏ. என்பது சொந்த அணுக்களின் உட்கருவைக் குறிவைக்கும் எதிர்ப்புப் புரதம். எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோயில் அது காணப்படும். ஆனால் நோய் ஏதும் இல்லாதவர்களிலேயே ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த அளவு இருக்கும். மூட்டு வலி உண்டா, முகத்தில் தடிப்பு உண்டா, சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு வரிகூட எழுதாமல், அறிக்கையின் ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினால் இதற்குமேல் நான் என்ன சொல்வது?

கேள்வி (பைன்டவுன்): எனக்கு மாதந்தோறும் இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறார்கள். அது மனித இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவதாமே. புரட்டாசி விரதத்தில் ஏற்றிக்கொள்ளலாமா?

பதில்: ஏற்றிக்கொள்ளுங்கள். அது தொற்றைத் தடுக்கும் எதிர்ப்புப் புரதம், உணவு அன்று. ஒரு மாதம் தள்ளிப்போட்டால் விரதம் முடிவதற்குள் நிமோனியா வந்துவிடக்கூடும். ஆயிரக்கணக்கானோர் தானமாகத் தந்த பிளாஸ்மாவிலிருந்து பிரிக்கப்படும் அம்மருந்து உங்கள் ஊரிலேயே தயாராகிறது.

கேள்வி (சாட்ஸ்வர்த்): என் மனைவிக்கு லூபஸ். எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் நோய் வந்தது என்று கூறி, உறவினர் ஒருவர் எக்கினேசியா என்னும் மூலிகை கலந்த டானிக் வாங்கித் தந்தார். ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. குளிர்காலம் தொடங்கினால் மருந்துக்கடைகளில் இருமல் மருந்துக்குப் பக்கத்திலேயே இந்தப் புட்டிகளை அடுக்கிவிடுகிறார்கள். எனக்கும் இதே கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. லூபஸில் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுநீரகத்தையும் தோலையும் தாக்குகிறது. அந்த நிலையில் அதைத் தூண்டிவிடுவது, கடிக்கிற நாயின் பல்லைத் தீட்டிவிடுவதற்குச் சமம்.

எதிர்ப்புக் குறைபாடும் தன்னுடல் தாக்கு நோயும் ஒரே தராசின் இரு தட்டுகள் என்ற நினைப்பே தவறு. சி.வி.ஐ.டி. என்னும் குறைபாட்டில் நோய்த்தொற்றைத் தடுக்கும் எதிர்ப்புப் புரதங்கள் போதிய அளவில் உருவாவதில்லை. ஆயினும் அந்நோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவருக்குத் தன்னுடல் தாக்கும் சேர்ந்தே வருகிறது; தட்டணுக்களையோ சிவப்பணுக்களையோ அழிப்பது அதில் அடிக்கடி காணப்படும் வகை. எதிர்ப்பணுக்களுக்குத் தடையாகச் செயல்படும் சி.டி.எல்.ஏ.-4 புரதத்தின் மரபணுவில் ஒரு பிரதி பழுதானால், தொற்றும் வரும், குடலும் நுரையீரலும் சொந்த அணுக்களாலேயே வீங்கும். அத்தகையோருக்கு அபாட்டாசெப்ட் என்னும் அடக்கும் மருந்தைத்தான் கொடுக்கிறோம். அப்படியிருக்க, இந்தப் புட்டி எந்த அணுவின் எந்தச் செயலை ஏற்றுகிறது என்று விற்பவரைக் கேட்டுப் பாருங்கள். அல்ஃபால்ஃபா (குதிரைமசால்) மாத்திரையும் வேண்டாம். அது லூபஸைக் கிளப்பிவிடும் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். வாரக்கணக்கில் உட்கொண்டவருக்கு அட்ரீனல் சுரப்பி மந்தமாகியிருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழுவார்.

கேள்வி (டோங்காட்): எங்கள் முதல் மகன் ஐந்து மாதத்தில் நிமோனியாவால் இறந்தான். என் தம்பியும் கைக்குழந்தையாகவே இறந்தவன். இப்போது மீண்டும் கருவுற்றிருக்கிறேன். குழந்தைக்கு பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசி போடலாமா?

பதில்: இம்முறை வந்தவற்றுள் மிகப் பொறுப்பாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுவே. தாய்வழி ஆண் குழந்தைகள் இப்படி இறந்திருந்தால் எக்ஸ் குரோமோசோம் வழி வரும் எதிர்ப்புக் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். பி.சி.ஜி. உயிருள்ள கிருமி, நம் நாட்டில் பிறந்தவுடன் போட்டுவிடுவார்கள், கடுமையான குறைபாடுள்ள குழந்தைக்கு அது உடலெங்கும் பரவக்கூடும். ஆகவே பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் குடும்ப வரலாற்றைச் சொல்லி, லிம்போசைட் என்னும் எதிர்ப்பணுக்களின் எண்ணிக்கை தெரியும்வரை ஊசியை நிறுத்திவைக்குமாறு அட்டையில் எழுதி வாங்குங்கள். முடிவு நன்றாக வந்தால் ஊசியைத் தாமதிக்க வேண்டாம். காசநோய் மலிந்த நாடு இது. குறைபாடு உறுதியானால், தொற்று வருமுன் மூன்றரை மாதத்துக்குள் எலும்பு மஜ்ஜை மாற்றப்படும் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பிழைக்கின்றன.

கேள்வி (வெருலம்): ப்ரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டு 20 மில்லிகிராம் உட்கொள்கிறேன். தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கலாமா?

பதில்: காவடி எடுங்கள், அலகு வேண்டாம். புண் ஆறாது, சீழ் வைத்தாலும் காய்ச்சல் காட்டாது. விரத நாள்களிலும் பாலோ பழமோ உண்டபின் மாத்திரையை விழுங்குங்கள். முன்பே சொன்னேன்: ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): 2025 நோபல் பரிசு பெற்ற ஆய்வால் என் முடக்குவாதத்துக்கு எப்போது மருந்து வரும்? அதுவரை மெத்தோட்ரெக்சேட் ‘தவறாமல்’ உட்கொள்கிறேன்.

பதில்: சகாகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் மூவரும் கண்டறிந்தது, எதிர்ப்பணுக்களைக் கட்டுக்குள் வைக்கும் டி-அணுக்களையும் அவற்றை ஆளும் ஃபாக்ஸ்பி-3 மரபணுவையும். அதை ஒட்டிய சிகிச்சைகள் இன்னும் சோதனையில் உள்ளன. ‘தவறாமல்’ என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டுமே. தினமும் விழுங்கியவர்கள் எலும்பு மஜ்ஜை வற்றி இறந்திருக்கிறார்கள். எந்தக் கிழமை என்று பெட்டியின்மேல் இன்றே எழுதி வையுங்கள். தினமும் விழுங்கிவந்திருந்தால், அடுத்த மாத்திரையைத் தொடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.