தாத்தாவின் கடல் வரைபடம்: எந்த ஆண்டை நம்புவது?

கேள்வி: என் தாத்தா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக, இருந்தவர். அவர் பெட்டியில் மன்னார் வளைகுடாவின் பழைய கடல் வரைபடம் ஒன்று கிடைத்தது. கீழே 'அட்மிரல்டி, லண்டன்' என்று இருக்கிறது. தாளில் நாலைந்து ஆண்டுகள் அச்சாகியிருக்கின்றன. எது சரி? எங்கள் விசைப்படகில் இதை வைத்துக்கொள்ளலாமா? லேமினேட் செய்யலாமா?

பதில்: எல்லா ஆண்டுகளும் சரிதான், ஒவ்வொன்றும் வேறு வேறு வேலையைச் சொல்கிறது. தலைப்பின் கீழே இருப்பது கடலை அளந்த ஆண்டு. கீழ் ஓரத்தின் நடுவில், கட்டத்துக்கு வெளியே இருப்பது முதன்முதலில் வெளியிட்ட தேதி. இடது மூலையில் பொடி எழுத்தில் வரிசையாக நிற்பவை சிறு திருத்தங்கள். உங்கள் தாள் கடைசித் திருத்தத்துக்குப் பிறகு அச்சானது. ஆனால் அதிலுள்ள ஆழங்களின் வயது, அளந்த ஆண்டுதான்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், அட்மிரல்டி என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையின் வரைபட அலுவலகம் வேலை செய்த விதம். ஒரு கடற்பகுதிக்கு ஒருமுறை செம்புத் தகடு செதுக்கினால் பல பத்தாண்டுகள் அதிலிருந்தே அச்செடுப்பார்கள். புதிதாக ஒரு கலங்கரை விளக்கம் வந்துவிட்டால், தகட்டில் அந்த இடத்தைச் சுரண்டி, குழியைப் பின்பக்கமிருந்து சுத்தியலால் தட்டி மேலே கொண்டுவந்து, தேய்த்துச் சமன்செய்து மறுபடி செதுக்க வேண்டும், அதுவும் இடவலம் மாற்றி. தகடு பழசு, திருத்தம் புதுசு, இரண்டும் ஒரே தாளில்.

அலுவலகம் தொடங்கியது 1795இல். பிரான்சோடு போர் நடந்த காலம். பீரங்கிக்குத் தப்பிய கப்பல்கள் பாறையில் மோதிப் போய்க்கொண்டிருந்தன. முதல் தலைவர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள் நமக்கு அந்நியர் அல்ல. 1752இல், பதினைந்து வயதுப் பையனாகக் கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தர் வேலையில் சேர்ந்து சென்னைக்குப் புறப்பட்டவர். தரம் பார்ப்பதில் கறாரானவர். குவிந்து கிடந்த வரைபடங்களைச் சலித்து முதல் வரைபடத்தை வெளியிட 1800 ஆகிவிட்டது, அதுவும் பிரெஞ்சுக் கரையின் கீபெரோன் விரிகுடாவுக்கு. 1808இல் பதவியைப் பறித்தார்கள். சில வாரங்களில் இறந்துபோனார். வணிகக் கப்பல்களுக்கும் விற்கத் தொடங்கியது 1821இல். 1829 முதல் 1855 வரை தலைவராக இருந்தவர், காற்றின் வேக அளவுக்குப் பெயர் தந்த பியூஃபோர்ட். திருத்தங்களை அச்சிட்டு மாலுமிகளுக்கு அறிவிக்கும் வழக்கம் 1834இல் அவர் காலத்தில் வந்தது. உங்கள் தாளின் இடது மூலையை நிரப்புவது அந்த அறிவிப்புகள்தான்.

நம் கடலை அளந்தது பெரும்பாலும் கம்பெனியின் சொந்தக் கடற்படை. மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் 1838 வாக்கில் பவல், எதர்சி என்ற அதிகாரிகள் அளந்தார்கள். 1860களில் அந்தக் கடற்படை கலைக்கப்பட்டது. 1874இல் கல்கத்தாவில் கடல் அளவைத் துறை பிறந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1954இல் அது டேராடூனுக்குப் போனது. மலையடிவாரத்தில் கடல் வரைபடமா என்று சிரிக்காதவர் இல்லை. இன்று நம் தேசிய நீர்ப்பரப்பு அலுவலகம் அங்கேதான்.

மூலை கிழிந்து தேதி போயிருந்தாலும் கவலையில்லை. பாம்பன் ரயில் பாலமும் தனுஷ்கோடிக்குப் போகும் தண்டவாளமும் இருந்தால் திருத்தம் 1914க்குப் பின். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் இல்லாவிட்டால் பெரும்பாலும் 1970களுக்கு முன்.

படகில் வைத்துக்கொள்ளலாமா? கூடாது. பழைய தாளில் ஆழம் பாகத்தில் இருக்கும், பாகத்துக்கு ஆறடி. 4க்கு அருகில் கீழே பொடியாக 3 என்றால் நான்கு பாகம் மூன்று அடி. மீட்டர் என்று படித்தால் கணக்கே தலைகீழ். அதைவிடப் பெரிய சிக்கல், அளந்த முறை. ஈயக்குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் இறக்குவார்கள். ஆழம் கயிற்றில் தெரியும், தரை மணலா சேறா என்பது கொழுப்பில் ஒட்டி வரும். ஓர் இறக்கத்துக்கும் அடுத்த இறக்கத்துக்கும் நடுவே பார் (கடலடிப் பாறைத் திட்டு) இருந்தால் குண்டுக்கு எப்படித் தெரியும்? தாளில் வெற்றிடம் என்றால் அங்கே யாரும் அளக்கவில்லை என்றுதான் அர்த்தம். பாம்பன் பக்கம் மணல்திட்டுகள் இடம் மாறுவது உங்களுக்கே தெரியும். ஜிபிஎஸ் காட்டும் இடத்தை இந்தத் தாளில் அப்படியே குறித்தால் சில நூறு மீட்டராவது தள்ளி விழலாம். டேராடூன் வெளியீடுகளை விற்கும் அங்கீகாரம் பெற்ற கடையில் புதிய பதிப்பை வாங்குங்கள். 15 நாளுக்கொருமுறை வரும் திருத்த அறிவிப்பைப் பார்த்து மையால் குறித்துக்கொள்ளுங்கள்.

லேமினேட் வேண்டவே வேண்டாம், செலோ டேப்பும் வேண்டாம். சூட்டில் பசை தாளோடு ஒன்றிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. அமிலமற்ற உறையில், மடிக்காமல் தட்டையாக வையுங்கள். தாத்தா போட்ட பென்சில் கோடுகள் இருந்தால் ரப்பரைத் தொடாதீர்கள். அட்மிரல்டி தாள்கள் உலகில் நிறைய இருக்கின்றன, ஒரு தண்டல் கொழும்புக்குப் போன வழி குறித்த தாள் அரிது.