வாசகர் கேள்வி - பதில்: கூந்தலில் நின்றுபோன ஜிக்சா

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. பொழுது போகட்டும் என்று 1,000 துண்டு ஜிக்சா வாங்கிக் கொடுத்தேன். அல்போன்ஸ் முஹா வரைந்த ராசிச் சக்கரப் படம். பெண்ணின் தலையைச் சுற்றியுள்ள 12 ராசிகளையும் அம்மா மூன்றே நாளில் சேர்த்துவிட்டார். கூந்தலுக்கு வந்ததும் நின்றுவிட்டோம். எல்லாத் துண்டும் ஒரே நிறம். இரண்டு வாரமாகச் சாப்பாட்டு மேசை அதற்கே போய்விட்டது. வழி சொல்லுங்கள்.
- வாசகி, அங் மோ கியோ, சிங்கப்பூர்

பதில்: அம்மா சிக்குக் கோலம் போட்டவரா? அப்படியானால் கூந்தலை அவரிடமே விடுங்கள். இங்கே நிறத்தைப் பார்க்கக் கூடாது, கோட்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

இது 1896-இல் ஓர் அச்சகத்தின் காலண்டருக்காக வரைந்த படம். லித்தோகிராஃப், அதாவது கல் அச்சு. நிறம் தட்டையாகப் பரவிக் கிடக்கும், துண்டுகளைப் பிரித்துக் காட்டாது. ஆனால் முஹா சுவரொட்டிக்காரர். நடிகை சாரா பெர்னார்டின் நாடகத்துக்கு அவர் செய்த சுவரொட்டி 1895 புத்தாண்டன்று பாரிஸ் தெருக்களில் ஏறியதும்தான் ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது. தெருவில் போகிறவர் கண்ணில் உருவம் பட வேண்டுமே, அதற்கு வெளிக்கோட்டைத் தடிமனாகப் போடுவார். உள்ளே ஓடும் முடியிழைகள் மெல்லியவை. காலண்டரிலும் அதே கைதான்.

அதனால் தடித்த கோடு உள்ள துண்டுகளை முதலில் ஒரு தாம்பாளத்தில் பொறுக்குங்கள். அவற்றைச் சேர்த்தாலே கூந்தலின் கரை வந்துவிடும். அப்புறம் உள்ளே போங்கள். பிடோக்கில் என் வீட்டில் இதே படத்தைச் சேர்த்தபோது ஒரு துண்டு என்னை இரண்டு இரவு உட்கார வைத்தது. ஓரத்தில் தடித்த கோடு வளைந்து இறங்கும், பக்கத்தில் மூன்று இழை, மூன்றாவது இழை விளிம்புக்குச் சற்று முன்னால் இரண்டாகப் பிரியும். அப்படியானால் அடுத்த துண்டில் நான்கு இழை நுழைய வேண்டும் அல்லவா? நான்கை எண்ணித் தேடினேன், ஐந்தே நிமிடத்தில் கைக்கு வந்தது.

பெட்டி மேல் உள்ள படம் சின்னது. அதைக் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே எரியும் டியூப்லைட் துண்டுகளில் பளபளக்கும், பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கு வையுங்கள். மழை நாளில் அட்டை ஈரம் இழுத்து உப்பிக்கொள்ளும், சரியான துண்டுகூட உட்காராது. அழுத்தாதீர்கள். ஏர்கான் அறையில் ஓர் இரவு வைத்தால் போதும்.

முடித்த பிறகு அம்மாவை ஒரு காலை கூன் செங் சாலைக்கு அழைத்துப் போங்கள். அங்குள்ள பழைய பெரானாக்கான் (சீன, மலாய்ப் பழக்கங்கள் கலந்த மரபினர்) வீடுகளின் முகப்பில், இடுப்பளவு உயரத்தில் பூ ஓடுகள் பதித்திருக்கும். அவற்றில் பல முஹா காலத்துப் பாணி. தண்டு எங்கே வளைந்து எங்கே இலையாகிறது என்று அம்மா விரலால் தொடர்ந்து பார்க்கட்டும்.