பத்துக்கு எட்டுப் புள்ளியாம்… நம்பி டிக்கட் எடுக்கலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி சினிமாவைப் பற்றியவை. பாவனையாளர் பக்கத்தில் சினிமாவுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்க வேண்டாம். அரிசியைக் கையில் அள்ளி, இரண்டு மணியை வாயில் போட்டுப் பார்த்து வாங்கலாம். படத்துக்கு அந்த வசதி கிடையாது, காசைக் கொடுத்த பிறகுதான் சரக்கே தெரியும். அதனால்தான் அடுத்தவர் போட்ட புள்ளியை இவ்வளவு பேர் நம்பியிருக்கிறோம்.

கேள்வி: தீபாவளிக்கு வந்த பெரிய ஹீரோ படம் ஒன்றுக்கு, யாரும் படங்களுக்குப் புள்ளி போடும் ஐஎம்டிபி என்ற இணையத்தளத்தில் 8.9 என்று கிடந்தது. அதை நம்பி மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போய்ப் பார்த்தேன். இடைவேளைக்குப் பிறகு மாமியார் தூங்கிவிட்டார். பிள்ளைகள் பொப்கோர்ன் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பத்து நாள் கழித்து அதே படம் 6.4. முதலில் போட்டது பொய்ப் புள்ளியா? (ஓர் ஆசிரியர், கொட்டகலை)

பதில்: பொய் இல்லை சேர், போட்ட ஆட்கள்தான் வேறு. ஐஎம்டிபியில் புள்ளி போட டிக்கட் காட்டத் தேவையில்லை, ஒரு கணக்குத் திறந்தால் போதும். முதல் நாள் அங்கே வந்து நிற்பவர் அந்த ஹீரோவின் ரசிகர். அவர் 10 போடுவார். அவருக்குப் பின்னாலேயே எதிர்ப்பக்கத்து ஹீரோவின் ரசிகர் வந்து 1 போடுவார். இரண்டு பேரும் படத்தை முழுக்கப் பார்த்தார்களா என்பது அவரவருக்கே வெளிச்சம். குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு "ம்… ஒருக்கா பார்க்கலாம்" என்று சொல்லும் உங்களைப் போன்றவர்கள் நாலைந்து நாள் கழித்துத்தான் வருகிறார்கள். அப்போதுதான் புள்ளி இறங்கத் தொடங்கும்.

இந்தத் தில்லுமுல்லு அந்தத் தளத்துக்கும் தெரியாததல்ல. அது எல்லா வாக்கையும் கூட்டி ஆள்கணக்கால் வகுப்பதில்லை. சில வாக்குக்குக் கூடுதல் நிறை, சிலதற்குக் குறைவு என்று வைத்துத்தான் கணிக்கிறது. எப்படி என்பதை முழுதாக வெளியே சொல்வதில்லை; சொன்னால் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார்கள். வழக்கத்துக்கு மாறாக வாக்கு விழுந்தால் படத்தின் பக்கத்திலேயே ஒரு குறிப்பும் போடுகிறார்கள். ஆனால் நாம் அந்தப் பெரிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு போனை மூடிவிடுகிறோம்.

அடுத்த முறை அந்த எண்ணை விரலால் தட்டிப் பாருங்கள். 10 முதல் 1 வரை எத்தனை பேர் போட்டார்கள் என்று பட்டை பட்டையாக விரியும். 10இலும் 1இலும் இரண்டு நெட்டைப் பட்டை, நடுவில் வெறும் புல் என்றால் அங்கே நடப்பது ரசிகர் சண்டை. அந்தப் படத்தின் தரம் பற்றி அதில் ஒன்றும் இல்லை. 6, 7, 8 பக்கம் வயிறு பெருத்திருந்தால் ஊர் பார்த்துப் போட்ட புள்ளி என்று எடுத்துக்கொள்ளலாம். எத்தனை பேர் போட்டார்கள் என்பதையும் பாருங்கள். அவர்களே தங்கள் சிறந்த 250 படப் பட்டியலில் சேர்ப்பதற்குக் குறைந்தது 25,000 வாக்கு வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நானூறு பேர்தான் போட்டிருந்தார்கள் என்றால், அந்த 8.9ஐ நம்பி ஐந்து பேர் கினிகத்தேனை இறக்கத்தில் இறங்கியிருக்க வேண்டியதில்லை.

"இரண்டாவது கிழமை வரை பொறுங்கள்" என்பது கொழும்புக்காரருக்குச் சொல்லும் புத்தி. நம் பக்கத்து டவுன்களில் அடுத்த வெள்ளிக்குப் போஸ்டர் மாறிவிடும், பொறுத்தவருக்குப் படம் இல்லை. ஆகவே முதல் காட்சி பார்த்துவிட்டு வந்த தெரிந்தவர் ஒருவரைப் பிடியுங்கள். எத்தனை புள்ளி என்று கேட்காதீர்கள். "எங்கே சலித்தது?", "வயசானவங்களோட உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். உங்கள் மாமியாருக்கு எது பிடிக்கும் என்று ஐஎம்டிபிக்குத் தெரியாது. ஸ்டாஃப் ரூமில் பக்கத்துக் கதிரை மிஸ்ஸுக்குத் தெரியும்.

கேள்வி: ஒரே படம், ஓர் இடத்தில் 94 வீதம், இன்னோர் இடத்தில் 6.3. யார் சொல்வது சரி? (மாணவி, பண்டாரவளை)

பதில்: இரண்டும் சரி தங்கச்சி, அளப்பதுதான் வேறு. 6.3 மாதிரி எண் மேலே சொன்னது போல ஆட்கள் போட்ட புள்ளி. விமர்சனங்களைத் திரட்டும் ரொட்டன் டொமேட்டோஸ் தளத்தில் வரும் வீதம் படத்துக்குக் கிடைத்த புள்ளி அல்ல. விமர்சனம் எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் "பார்க்கலாம்" பக்கம் நின்றார்கள் என்ற கணக்கு அது. எல்லோரும் "பரவாயில்லை" என்று மட்டும் எழுதினாலும் 100 வீதம் வந்துவிடும். நூற்றுக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் சிவப்புத் தக்காளி, குறைந்தால் நசுங்கிய பச்சை. தமிழ்ப் படங்களுக்கு அங்கே எழுதுகிற விமர்சகர்கள் சிலபேர்தான், ஒருவர் முகம் சுளித்தாலே வீதம் தடாலென்று விழும். அதனால் வீதத்துக்குக் கீழே எத்தனை விமர்சனம் என்று சின்ன எழுத்தில் இருப்பதையும் வாசித்துவிடுங்கள்.

கேள்வி: யூடியூப்பில் விமர்சனம் சொல்கிறவர்கள் காசு வாங்கிக்கொண்டுதான் சொல்கிறார்கள் என்று அண்ணா சொல்கிறார். உண்மையா? (தலவாக்கலை)

பதில்: எல்லோரையும் ஒரே கூடையில் போட முடியாது. போன கிழமை அந்தப் படத்து நடிகரோடு சிரித்துச் சிரித்துப் பேட்டி எடுத்தவர் இந்தக் கிழமை அதே படத்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்தால், நான் அதை விளம்பரமாகவே எடுத்துக்கொள்வேன். தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி எடுக்கும் வீடியோக்களையும் பெரிதாக நம்புவதில்லை. "படம் வேற லெவல்" என்று கத்துகிறவரைப் போடுவார்கள், பேசாமல் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போகிறவரை யார் போடப் போகிறார்கள்?

மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. 2024இல் தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, படம் வெளியாகி முதல் மூன்று நாளைக்கு விமர்சனமே வரக்கூடாது என்று கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்து, கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டிக்காட்டியது. தயாரிப்பாளர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. படத்தை விட்டுவிட்டு நடிகர் குடும்பத்தைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காக மூன்று நாள் எல்லோரும் வாய் பொத்தினால், அந்த மூன்று நாளும் கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுப்பது நாம்தான். டிக்கட் வாங்குகிறவர் பக்கம் நின்று சொன்னால் அந்த மறுப்பு நல்லது.

உங்களுக்கு ஒரு சூட்சுமம். ரசனை ஒத்துப்போகும் விமர்சகர் கிடைக்காவிட்டால் எப்போதும் ஒத்துப்போகாத ஒருவரைப் பிடியுங்கள். எனக்கு அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் "படம் மெதுவாகப் போகிறது" என்றால் எனக்குப் பிடிக்கும், "மாஸ்" என்றால் நான் வீட்டிலேயே இருந்துவிடுவேன். இதுவரை ஏமாந்ததில்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பொடியன்கள் வட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்து, பார்த்த படங்களுக்குப் பத்துக்குப் புள்ளி போடுகிறோம். ஒவ்வொரு முறையும் சண்டை. ஒருவன் கள்ளக் கொப்பியில் பார்த்துவிட்டு "கேமரா வேலை படுமோசம்" என்கிறான். இன்னொருவன் கொழும்பு பஸ்ஸில் பாதிப் படம் பார்த்துவிட்டு 3 போட்டான். இதை எப்படி ஒழுங்குபடுத்துவது? (பொகவந்தலாவை)

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் தம்பி. உங்கள் குழு இருபது முப்பது பேராக இருந்தாலும் இணையத்தின் பெரிய எண்களைவிட உங்களுக்குப் பிரயோசனமானது. யார் எந்த ஹீரோவுக்காக உயிரை விடுவான், யாருக்குப் பேய்ப்படம் ஆகாது என்று உங்களுக்கு ஏற்கனவே தெரியும். அந்தக் கழிவைக் கழித்துவிட்டுப் புள்ளியை வாசிப்பீர்கள்.

குறை எங்கே என்றால் வெறும் எண்ணைப் போடுவதில்தான். பஸ்காரத் தம்பியை எடுங்கள். அவிசாவளை வரை ஆட்கள் ஏறி இறங்கும் சத்தம், கித்துல்கலை வளைவுகளில் பாதி வசனத்தை ஹோர்ன் தின்றுவிடும், கினிகத்தேனைக்குப் பிறகு தூக்கம், ஹட்டனில் இறங்கும்போது க்ளைமாக்ஸ் பாக்கி. அவர் 3 போட்டது அந்தப் பயணத்துக்கு. படத்துக்கு என்று சொல்ல முடியாது. அதற்காக அவரைத் தடுக்க வேண்டாம், "பஸ், பாதி" என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள், போதும்.

எல்லோரும் இந்த வரிசையில் எழுதட்டும்: எங்கே, யாரோடு, முழுதாகவா, பிறகு ஒரு வரி, கடைசியில் புள்ளி. இப்படி: "ஹட்டன் தியேட்டர், சனி பின்னேரம், அம்மாவோட. முதல் பாதி நல்ல சிரிப்பு. ரெண்டாவது பாதியில சண்டை கூடிப்போச்சு. அம்மா கடைசி வரை இருந்தாங்க. 6." இதை வாசித்துவிட்டு டிக்கட் எடுப்பதா என்று யாரும் முடிவு செய்துவிடலாம். க்ளைமாக்ஸை உடைக்கிறவனை மட்டும் ஒரு கிழமைக்குக் குழுவிலிருந்து வெளியே வையுங்கள்.

பத்துக்குப் பத்து என்ற அளவே நமக்குச் சரிவராது என்பது என் கட்சி. பரீட்சைப் பழக்கத்தில் பெரும்பாலும் யாரும் 5க்குக் கீழே இறங்குவதில்லை, பிடித்தவர் ஹீரோ என்றால் 8க்குக் கீழே வருவதில்லை. ஆகப் பத்து என்று பெயர், பாவிப்பது மூன்றையோ நாலையோதான். அதற்குப் பதிலாக எதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். டிக்கட் காசு கொடுக்கலாமா, டேட்டா மட்டும் செலவழிக்கலாமா, இல்லை டிவியில் வரும்போது பார்த்துக்கொள்ளலாமா? குடும்பத்தோடு ஒரு படத்துக்குப் போய்வந்தால் இரண்டு மூன்று நாள் பேர் (தோட்டத்து நாட்கூலி) கரைந்துவிடும் வீடுகளில், இந்த மூன்று படிதான் உண்மையான புள்ளி.

கள்ளக் கொப்பி விஷயம். டவுனில் பென் ட்ரைவில் ஏற்றித் தருவதை எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொண்டாலும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது குற்றம். சட்டத்தை விட்டாலும், தியேட்டருக்குள் போனைப் பிடித்து எடுத்த கொப்பியில் இரவுக் காட்சி வெறும் கறுப்பு, முன்வரிசைக்காரர் தலை குறுக்கே போகும், பின்னணி இசை தகரம். அதைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவாளருக்குப் புள்ளி வெட்டுவது அநியாயம்.

இன்னொன்று, கோபிக்க வேண்டாம். தேயிலை மலை வந்தாலே இரண்டு புள்ளி கூடப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கதாநாயகி கூடையை மாட்டிக்கொண்டு பாட்டுப் பாடி முற்றல் இலையாகப் பிடுங்கிப் போடுவார், கங்காணி பார்த்தால் அரைப்பேர்தான் போடுவார். அதற்கும் நாம் 9.

கேள்வி: எங்கள் பக்கத்து டவுன் தியேட்டரில் படம் தொடங்கி அரை மணித்தியாலத்தில் சத்தம் நின்றுவிட்டது. திரும்ப வரவே இல்லை, மொழி தெரியாத படம் மாதிரி பார்த்துவிட்டு வந்தோம். காசைக் கேட்டபோது "விற்ற டிக்கட் திரும்ப எடுக்கமாட்டோம்" என்று போர்டைக் காட்டினார்கள். (மஸ்கெலியா)

பதில்: படம் பிடிக்கவில்லை என்றால் காசு கேட்க முடியாது, அது நம் தலைவிதி. சத்தம் இல்லாமல் போட்டது வேறு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளுக்கு மட்டும் உரியதல்ல, சேவைக்கும் உரியது. காசு வாங்கிக்கொண்டு தரும் சேவையைக் கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும் என்பது அதில் இருக்கிறது. போர்டு எழுதித் தொங்கவிட்டதால் அந்தக் கடமை போய்விடாது.

இப்படி நடந்தால் படம் முடியும்வரை இருக்காமல் அப்போதே எழுந்துபோய் மனேஜரிடம் சொல்லுங்கள். கடைசிவரை இருந்துவிட்டுக் கேட்டால் "பார்த்துட்டுத்தானே வந்தீங்க" என்பார்கள். காசு இல்லாவிட்டால் வேறொரு நாள் காட்சிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதற்கு ஒத்துக்கொள்வார்கள். மறுத்தால் அந்த அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம். முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கிழித்த டிக்கட் துண்டை எறிந்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. உள்ளே விற்கும் தண்ணீர்ப் போத்தலில் அடித்திருக்கும் விலைக்கு மேல் வாங்கினாலும் இதே இலக்கம்தான்.

கேள்வி: கொழும்பில் இருக்கும் அக்கா பிள்ளைகள் மூன்று படத்தைப் "பார்த்தே ஆக வேண்டும்" என்கிறார்கள். அதற்காக ஒரு மாதம் நெட்ஃப்ளிக்ஸ் போடலாமா? பிள்ளைக்கு 9 வயது, தோட்டத்தில் போன் சிக்னலும் சுமார்தான். (இராகலை)

பதில்: காசு கட்டும் முன் அந்த மூன்றும் இலங்கையில் காட்டப்படுகிறதா என்று பாருங்கள். இந்தியாவில் இருக்கும் படம் நாட்டுக்கு நாடு உரிமம் மாறுவதால் இங்கே இல்லாமல் போகலாம். தமிழ் ஒலி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது டேட்டா. அந்த நிறுவனமே சொல்லும் கணக்கின்படி உயர்தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை போகும், சாதாரணத் தரத்தில் 1 ஜிபி வரை. நம் படங்கள் இரண்டரை மணித்தியாலம் என்றால் உயர்தரத்தில் ஒரு படத்துக்கு ஏழரை ஜிபி வரை. போனில் தானாகத் தரம் மாறும்படி விட்டால் 1 ஜிபியில் நாலு மணித்தியாலம் ஓடும் என்கிறார்கள், சின்னத் திரைக்கு அது தாராளம். உங்கள் பெக்கேஜில் இரவு டேட்டா தனியாகக் கிடந்தால் இரவில் தரவிறக்கி வைத்துப் பகலில் பாருங்கள். சிக்னல் தேடிக் கோயில் மேட்டில் போய் நிற்கும் வேலையும் மிச்சம்.

பிள்ளை விஷயத்தில் புள்ளியைப் பார்க்கவே வேண்டாம். 9 புள்ளி எடுத்த படத்திலும் கழுத்து வெட்டு இருக்கும். இந்தியத் தணிக்கையில் 2024 நவம்பர் முதல், பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கும் யூஏ பிரிவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 9 வயதுக்கு 7+ போதும், 16+ என்றால் பிள்ளை தூங்கிய பிறகு.

முதல் படம் பார்க்கும் அன்றே கணக்குக்குள் போய் "ரத்து" கொடுத்துவிடுங்கள். கட்டிய மாதம் முடியும்வரை பார்க்கலாம். மறந்தால் அடுத்த மாதக் காசு கார்டில் தானாக வெட்டுப்படும்.